வாசகர் கேள்விகள்: வலது கையை இழந்த பாஸ்டரும் குருவை இழந்த இமாமும்

சென்ற இதழில் வேறு எதையோ சொல்லப்போய், நைஜீரியாவில் ஓர் இமாமும் ஒரு பாஸ்டரும் சேர்ந்து கலவரத்தை நிறுத்தக் கிளம்பிய கதையை இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாராட்டு பாதி, சண்டை பாதி. அதனால் இந்த இதழ் முழுக்க அதே விஷயம்தான்.

கே: அந்த இமாமும் பாஸ்டரும் யார்? இரண்டு வரியில் சொல்லி ஏமாற்றிவிட்டீர்களே, முழுதாகச் சொல்லுங்கள். (நாகர்கோவில் வாசகர்)

மன்னிக்கவும் ஐயா, முழுதாகவே சொல்கிறேன்.

ஊர் பெயர் கடூனா. நைஜீரியாவின் வடக்குப் பகுதியில் இருக்கிறது. அந்த நாட்டு மக்கள்தொகை 20 கோடிக்கு மேல், அதில் ஏறக்குறைய பாதி முஸ்லிம்கள், பாதி கிறிஸ்தவர்கள். வடக்கே முஸ்லிம்களும் தெற்கே கிறிஸ்தவர்களும் அதிகம். கடூனா மாநிலம் இரண்டும் கலக்கிற இடத்தில் இருப்பதால் எப்போதும் கொதிநிலைதான்.

1992-இல் அந்த மாநிலத்தில் சாங்கோன் கதாஃப் என்ற ஊரில் ஒரு தகராறு. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? வேதத்துக்கா, வழிபாட்டுக்கா? சந்தைக்கு. இருந்த இடத்திலிருந்து வாரச்சந்தையைப் புது இடத்துக்கு மாற்றுவது என்று உள்ளூர் நிர்வாகம் முடிவெடுத்தது. பழைய சந்தையில் காலங்காலமாக வியாபாரம் செய்துவந்த ஹவுசா மக்கள் முஸ்லிம்கள், மாற்ற வேண்டும் என்ற அத்யாப் மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். பிப்ரவரியில் ஒரு முறை வெட்டிக்கொண்டார்கள், மே மாதம் மறுபடியும். இரண்டாவது முறை நெருப்பு கடூனா நகரத்துக்கே பரவியது. அதற்குள் சந்தை எல்லோருக்கும் மறந்துபோய், அது முஸ்லிம் கிறிஸ்தவர் சண்டையாகவே ஆகிவிட்டது.

அந்தக் கலவரத்தில் இரண்டு பக்கமும் இளைஞர்களைத் திரட்டியவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் ஜேம்ஸ் வூயே, நம்மூரில் ஏ.ஜி. சபை (அசெம்பிளீஸ் ஆஃப் காட்) என்கிறோமே, அந்தச் சபையின் போதகர். இன்னொருவர் முகம்மது அஷாஃபா, பரம்பரையாக மார்க்க அறிஞர்கள் வந்த குடும்பத்தைச் சேர்ந்த இமாம். வூயேவுக்கு அந்தச் சண்டையில் வலது கை போயிற்று, இன்றும் செயற்கைக் கைதான். அஷாஃபாவின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள், கூடவே அவருக்கு ஆன்மிகம் சொல்லிக்கொடுத்த வயதான குருவும். ஆக, வூயேவுக்குக் கையை எடுத்தவன் மீது வெறி, அஷாஃபாவுக்குக் குருவைக் கொன்றவன் மீது வெறி. பழிவாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததாக இரண்டு பேருமே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

1995-இல் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து போடுவது பற்றிய ஒரு கூட்டம், மாநில அரசு மாளிகையில். இருவரையும் அழைத்திருந்தார்கள். இரண்டு பேரையும் அறிந்த ஒரு பத்திரிகையாளர் இருவர் கையையும் பிடித்து ஒன்றாக வைத்து, நீங்கள் இரண்டு பேரும் நினைத்தால் இந்த ஊரைச் சேர்த்து வைக்கலாம், நினைத்தால் உடைக்கவும் செய்யலாம், ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்படிப்பட்ட பத்திரிகையாளர்களைப் பற்றிக் கேட்கும்போது என் தொழிலின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை திரும்புகிறது.

அப்புறம் உடனே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். அஷாஃபா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் ஒரு பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, கேட்டார். தாயிஃப் நகரத்தில் கல்லால் அடித்து ரத்தம் வரவைத்தவர்களை நபிகள் நாயகம் மன்னித்த சம்பவம். குழந்தையிலிருந்து கேட்டுவந்த கதைதான், அன்றைக்கு அது அவரைப் பார்த்தே சொன்னதுபோல் இருந்ததாம். முதலடி எடுத்து வைத்தவர் அவர்தான். வூயேவின் அம்மா உடம்பு முடியாமல் இருந்தபோது போய்ப் பார்த்தார். வூயேவுக்கோ சந்தேகம் தீரவில்லை, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றே நினைத்தார். மனதில் வெறுப்பை வைத்துக்கொண்டு கிறிஸ்துவைப் பிரசங்கிக்க முடியாது என்று வேறொரு போதகர் சொன்ன பிறகுதான் அவர் இளக ஆரம்பித்தார். இருவரும் கடூனாவில் சமய நல்லிணக்க மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த மையம் 1995-லிருந்து நடக்கிறது.

கே: எனக்கு இதெல்லாம் கொஞ்சம் நடிப்பாகத்தான் தெரிகிறது. இரண்டு பேரும் தங்கள் மார்க்கத்தில் எதையாவது விட்டுக்கொடுக்காமல் இப்படிச் சேர முடியுமா? எல்லாம் ஒன்றே என்று சொல்கிறார்களா? (மேலப்பாளையம், கல்லூரி மாணவி)

நல்ல கேள்விம்மா. சொல்லவில்லை. அங்கேதான் எனக்கு அவர்களைப் பிடிக்கிறது.

எல்லா நதியும் ஒரே கடலில்தான் கலக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அரிவாளோடு நிற்கிற பையன் அதைக் கேட்டு அரிவாளைக் கீழே போட மாட்டான், ஏனென்றால் அவனைப் பொறுத்தவரை அப்படிப் பேசுகிறவர் தன் ஆளே இல்லை. வூயே கறாரான பெந்தெகொஸ்தே, அஷாஃபா கறாரான முஸ்லிம். இருவருமே அடுத்தவர் தன் வழிக்கு வந்துவிட்டால் சந்தோஷம் என்று நினைப்பவர்கள். அதை மறைத்ததும் இல்லை. அதனால்தான் ‘இவர் விலைபோய்விட்டார்’ என்று தங்கள் கூட்டத்திலிருந்தே பேச்சு வந்தபோதும் இருவரும் தாக்குப்பிடித்தார்கள். அந்தப் பேச்சு இரண்டு பக்கமும் நிறையவே வந்தது.

நடிப்பா என்றால், ஆரம்பத்தில் பாதி நடிப்புதான் என்று வூயேவே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றாகப் பயணம் போவார்கள், ஒரே அறையில் தங்குவார்கள். பக்கத்துக் கட்டிலில் இமாம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். இவருக்குத் தூக்கம் வராது. போன கை ஞாபகம் வரும், இறந்துபோன நண்பர்கள் ஞாபகம் வருவார்கள், தலையணையை எடுத்து அந்த முகத்தில் அமுக்கிவிடலாமா என்று தோன்றுமாம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆண்டுக்கணக்கில். பகலில் மேடையில் சமாதானம் பேசிவிட்டு ராத்திரி இந்த யோசனை. இதை வெளியே சொல்லத் துணிந்த ஆளை நான் நடிகர் என்று சொல்லமாட்டேன்.

தங்களைப் பற்றி அவர்கள் சொல்லும் ஒரு உவமை உண்டு. விவாகரத்து செய்துகொள்ள வழியில்லாத புருஷன் பெண்டாட்டி மாதிரி நாங்கள், பிரிந்தால் பிள்ளைகள் நாசமாகிவிடுவார்கள் என்று. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது போலவே இருக்கிறது, இல்லையா?

கே: ரிட்டையர்டு ஆசிரியர் நான். ஊரில் இருபது சமாதானக் கூட்டம் பார்த்திருக்கிறேன். டீ, மிக்சர், போட்டோ, அவ்வளவுதான். உங்கள் கடூனாவில் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்? (திருச்சி)

சார், நானும் அந்த மிக்சர் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு முறை எங்கள் பக்கத்து ஊரில் ஊர்வலத் தகராறு, தாலுகா அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டு தரப்புப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டு, ஒருவருக்கொருவர் சால்வை போர்த்தி, வெளியே வந்தால் சண்டை போட்ட பையன்களில் ஒருவனுக்குக்கூட அப்படி ஒரு கூட்டம் நடந்த விஷயமே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டவர்களை அவர்கள் எவனும் மதிக்கவும் இல்லை.

அதனால் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. கடூனாவிலும் உங்களுக்குச் சாதகமான சாட்சி இருக்கிறது, நானே எடுத்துக்கொடுக்கிறேன். மையம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, 2000-இல், ஷரீஅத் சட்டத்தைக் கொண்டுவருவது பற்றிய தகராறில் கடூனாவில் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் பெரும் கலவரம் நடந்தது. செத்தவர்கள் இரண்டாயிரம் பேர் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஊர் நடுவே ஓடும் ஆறுதான் எல்லைக்கோடாயிற்று. முஸ்லிம்கள் வடகரைக்கும் கிறிஸ்தவர்கள் தென்கரைக்கும் வீடு மாறிப் போய்விட்டார்கள். 2002 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரண்டு சமயத் தலைவர்களும் கூடி, கடூனா சமாதானப் பிரகடனம் என்று ஒன்றில் கையெழுத்திட்டார்கள். வூயேவும் அஷாஃபாவும்தான் அதற்கு ஓடியாடி ஆள் சேர்த்தவர்கள். மூன்றே மாதம். நவம்பரில் உலக அழகிப் போட்டி நைஜீரியாவில் நடக்கப்போகிறது என்ற பின்னணியில் ஒரு நாளிதழ் எழுதிய ஒரு வரி நபியை அவமதித்துவிட்டது என்று கிளம்பிய கலவரத்தில் இருநூறுக்கும் அதிகமானோர் செத்தார்கள். போட்டியை லண்டனுக்கு மாற்றிவிட்டார்கள். பிரகடனம் பிரகடனமாகவே இருந்தது.

இங்கேயே நிறுத்தினால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். ஆனால் யெல்வா என்ற ஊரையும் கொஞ்சம் கேளுங்கள். பக்கத்து பிளாட்டோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கேயும் நிலம், யார் மண்ணின் மைந்தன், யார் வந்தேறி என்ற பழைய வழக்குதான். 2004 பிப்ரவரியில் அங்கே சர்ச்சில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். மே மாதம் பதிலடியாக முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். மாநிலத்தில் நெருக்கடி நிலையே அறிவித்தார் ஜனாதிபதி ஒபசாஞ்சோ. அந்த ஊருக்கு இந்த இரண்டு பேரும் போனார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. இரு தரப்பையும் நாள்கணக்கில் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, முதலில் திட்டவிட்டார்கள். முழுக்கத் திட்டித் தீர்க்கட்டும் என்று. யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது அந்தத் திட்டிலிருந்துதான் தெரியும். பாஸ்டர் பைபிளைத் திறந்து தன் ஆட்களிடமும், இமாம் குர்ஆனைத் திறந்து தன் ஆட்களிடமும் பேசினார்கள். கவனியுங்கள், அடுத்தவர் ஆட்களிடம் இல்லை. 2005 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆயிற்று, இரண்டு தரப்பும் தெருவில் ஒன்றாகக் கொண்டாடினார்கள். இவர்களைப் பற்றி அடுத்த ஆண்டு ஓர் ஆவணப்படமே வந்தது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இவர்கள் பையன்கள் மதிக்கிற ஆட்கள். ஒரு காலத்தில் அந்தப் பையன்களுக்குத் தளபதியாக இருந்தவர்கள். வூயே ஒரு தெருவுக்குள் போய், ‘வேண்டாம்டா’ என்று அந்தக் கையைத் தூக்கிக் காட்டினால் அதற்கு மேல் அவரிடம் ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்று எவனால் கேட்க முடியும்? நம்மூர்க் கூட்டத்துக்கு அதிகாரி கூப்பிடுகிறவர், அதிகாரிக்கு யாரைத் தெரியுமோ அவர்.

அதோடு இவர்கள் செய்தது பெரும்பாலும் போட்டோவுக்கே வராத வேலை. எந்தத் தெருவில் என்ன வதந்தி என்று போன் செய்து சொல்ல ஆள் வைத்திருப்பது, வந்த வதந்தி உண்மையா என்று ஓடிப்போய்ப் பார்ப்பது. சலிப்பான வேலை, செய்தியாகாத வேலை, ஏனென்றால் நடக்காத கலவரத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. நானும் எழுதியதில்லை.

முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2018 அக்டோபரில் கடூனா மாநிலத்தில் கசுவன் மகானி என்ற ஊர்ச் சந்தையில் மூண்ட சண்டையில் 55 பேர் செத்ததாகப் போலீசே சொன்னது. மறுபடியும் சந்தை! அந்த ஊர்ப் பெயருக்கு ‘மருந்துச் சந்தை’ என்று அர்த்தமாம்.

கே: கடூனா என்றால் என்ன அர்த்தம்? (கோவில்பட்டி)

முதலைகள் என்று சொல்கிறார்கள். ஹவுசா மொழியில் ‘கடா’ என்றால் முதலை, ஆற்றில் அவை நிறைய இருந்ததால் வந்த பெயர். மேலே சொன்ன அதே ஆறுதான்.

கே: 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊரில் முஸ்லிம் அயலவரின் கடைக்குப் போவதற்கே ஆட்கள் யோசித்தார்கள். குண்டுவெடித்த பிறகு தலைவர்கள் அறிக்கை விட்டு என்ன ஆகப்போகிறது ஐயா? (மட்டக்களப்பு வாசகி)

அம்மா, உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. சீயோன் தேவாலயத்தில் இறந்த குழந்தைகளை அறிந்தவர்கள் நீங்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த வாரங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சொன்னது. ஜனாஸா (இறுதிச் சடங்கு) விஷயத்தில் அப்படி ஒரு வார்த்தை சொல்வது முஸ்லிம்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, மே மாதத் தொடக்கத்தில் நீர்கொழும்பில் முஸ்லிம் வீடுகள் கடைகள் மேல் கல்லெறிந்தபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் தொலைக்காட்சியில் வந்து, ஒரு முஸ்லிமைக்கூடத் தொடாதீர்கள் என்று தன் சபை மக்களைக் கேட்டுக்கொண்டார். அதோடு அந்தப் பகுதியில் மதுக்கடைகளை மூடச் சொன்னார். எனக்கு அந்த இரண்டாவது கோரிக்கைதான் பிடித்தது. சமாதானம் பற்றி நீளமாகப் பேசுவதைவிட, இன்றைக்கு ராத்திரி சாராயம் கிடைக்கக்கூடாது என்று யோசிக்கிறவருக்குத் தன் ஊர்ப் பையன்களைத் தெரியும்.

அறிக்கையைத் தாண்டிப் போன ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்று ஒரு நாடு. 2013 மார்ச்சில் செலேக்கா என்ற பெரும்பாலும் முஸ்லிம் போராளிகள் கொண்ட கூட்டணி ஆட்சியைப் பிடித்துச் சூறையாடியது. அதற்கு எதிராகக் கிளம்பிய ஆன்டி பலாக்கா கூட்டத்தை உலகப் பத்திரிகைகள் கிறிஸ்தவப் படை என்றே எழுதின. கழுத்து நிறையத் தாயத்து கட்டிக்கொண்டு வெட்ட வந்தவர்கள் அவர்கள். இவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லாதீர்கள் என்று ஆயர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

2013 டிசம்பர் 5-ஆம் தேதி தலைநகர் பாங்கியில் ஆன்டி பலாக்கா கூட்டம் புகுந்தபோது, நாட்டு முஸ்லிம்களின் தலைவரான இமாம் உமர் கோபின் லயாமாவின் உயிருக்கே ஆபத்து. பேராயர் தியூதொன்னே ன்சபலைங்கா அவரைக் குடும்பத்தோடு தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஒரு ராத்திரிக்கு இல்லை, மாதக்கணக்கில். பேராயர் மாளிகையின் வளாகத்தில் தொழுகை. அங்கே பூசை, இங்கே தொழுகை. அங்கிருந்தே இருவரும், சுவிசேஷத் திருச்சபைகளின் தலைவரான நிக்கோலா கெரேகோயாமேயும் சேர்ந்து, ஒன்றாகவே ஊர் ஊராகப் போனார்கள். இது மதச்சண்டை இல்லை, பதவிக்கான சண்டைக்கு மதச்சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் மூவரும் திரும்பத் திரும்பச் சொன்னது. அதைத் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதனால் நின்றதா? நிற்கவில்லை அம்மா. பாங்கியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த முஸ்லிம்கள் 2014 மார்ச்சில் ஆயிரத்துக்கும் கீழே குறைந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரி சொன்னார். மிஞ்சியவர்கள் பி.கே.5 என்ற பேட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். 2015 நவம்பர் 30-இல் போப் பிரான்சிஸ் அந்தப் பேட்டைப் பள்ளிவாசலுக்கே போனார். பேராயர் அடுத்த ஆண்டு கர்தினால் ஆனார். 2018 மே 1-இல் அதே பேட்டைக்குப் பக்கத்தில் பூசை நடந்துகொண்டிருந்த பாத்திமா மாதா கோவிலைத் தாக்கி, பாதிரியாரையும் மற்றவர்களையும் கொன்றார்கள். இமாம் 2020 நவம்பரில் காலமானார். ஆக, ஒரு வரைபடத்தில் கோடு போட்டு ‘இங்கிருந்து சமாதானம்’ என்று காட்ட முடியாது. அயலவர் கடைக்குப் போக யோசித்தார்கள் என்றீர்களே, இன்று போகிறார்களா? நேரம் கிடைத்தால் எழுதுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

கே: எல்லாம் ஆம்பளைகளாகவே இருக்கிறார்களே? (மதுரை வாசகி)

உண்மைதான், என் பதில்களைத் திரும்பப் படித்துப் பார்த்து நானே வெட்கப்பட்டேன். கடூனாவில் முஸ்லிம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, கேத்லீன் மெகார்வி என்ற ஐரிஷ் கன்னியாஸ்திரி அதை உருவாக்குவதில் முன்னின்றவர். பாஸ்டர், இமாம் என்று பட்டம் இருந்தால் படம் எடுக்கிறார்கள், பட்டம் இல்லாவிட்டால் விட்டுவிடுகிறார்கள். தனியாக ஒரு இதழில் எழுதவேண்டிய விஷயம்.

கே: நீங்கள் சொல்கிற ஆட்கள் எல்லாம் பெரிய தலைவர்கள். ஒரு சின்ன கிராமத்துப் பள்ளிவாசல் இமாமால் என்ன செய்ய முடியும்? (காயல்பட்டினம்)

தம்பி, நீங்கள் இமாமாக இருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தால் இதைப் படியுங்கள்.

அப்துல்லாஹி அபூபக்கர் என்று ஒரு கிராமத்து இமாம். நைஜீரியாவில், அதே பிளாட்டோ மாநிலத்தில், ங்கார் என்ற ஊர். சம்பவம் நடந்தபோதே வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2018 ஜூன் 23, சனிக்கிழமை. மதியத் தொழுகை முடிந்த நேரத்தில் துப்பாக்கிச் சத்தம். வந்தவர்கள் கால்நடை மேய்ப்போர் தரப்பு, முஸ்லிம்கள். ஓடிவந்தவர்கள் விவசாயிகள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அந்த வார இறுதியில் அக்கம்பக்கத்து ஊர்களில் செத்தவர்கள் போலீஸ் கணக்கிலேயே 86 பேர்.

பெரியவர் பெண்களையெல்லாம் தன் வீட்டுக்குள் அனுப்பினார், ஆண்களைப் பள்ளிவாசலுக்குள். எண்ணிக்கை 262 என்று பிற்பாடு செய்தியில் வந்தது. துப்பாக்கிக்காரர்கள் வாசலுக்கு வந்து, வெளியே அனுப்பு என்றார்கள். இவரிடம் என்ன இருந்தது? பேச்சுவார்த்தைக் குழு இல்லை, பிரகடனம் இல்லை, டி.வி. இல்லை. கெஞ்சினார். கேட்கவில்லை. அந்த வயதில் தரையில் விழுந்து அழுதார். கடைசியில் அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கூப்பிட்டு விருது கொடுத்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று போய்க் கேட்ட நிருபர்களிடம் அவர் சொன்ன விஷயங்களில் ஒன்று, அந்தப் பள்ளிவாசல் நிற்கிற இடத்தைப் பற்றியது. பல ஆண்டுகளுக்கு முன்னால் முஸ்லிம்கள் அந்த ஊருக்குக் குடிவந்து தொழ இடம் தேடியபோது, நிலத்தைக் கொடுத்தவர்கள் அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள். காசு வாங்கவில்லையாம்.